தனி எழுத்துரு என்று சொல்லி இலவச எழுத்துருவை எங்களிடம் விற்ற கதை

எங்கள் வீட்டு முறுக்குத் தொழிலுக்குப் பெயர்ப்பலகையும் உறைகளும் அமைத்துத் தர, சென்ற ஆண்டு ஒரு வடிவமைப்பாளரை அமர்த்தினோம். தடித்த, முனைகள் உருண்ட எழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தோம். முறுக்குக்கு அந்த உருண்டைதான் பொருந்தும் என்பது என் மனைவியின் கணக்கு. "உங்கள் கடைக்கென்றே வரைந்த எழுத்துரு, வேறு எவரிடமும் இராது" என்று சொல்லி, அதற்கு மட்டும் 18,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, எங்கள் கடைப் பெயரையே கோப்பின் பெயராக இட்டு அனுப்பினார்.

குட்டு அச்சகத்தில் உடைந்தது. அங்கே டி.டி.பி. செய்யும் தம்பி கோப்பைக் கணினியில் நிறுவியதும், பட்டியலில் 'பாலூ தம்பி 2' என்ற பெயர் வந்து நின்றது. கோப்பின் வெளிப்பெயரை மாற்றியவர் உள்ளே பதிந்திருந்த பெயரைத் தொடவில்லை. மும்பையின் எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கி, கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கும் பாலூ எழுத்துருக் குடும்பத்தின் தமிழ் உறுப்பினர் அது. (கன்னடத்துக்குத் 'தம்மா', மலையாளத்துக்குச் 'சேட்டன்' என்று மொழிதோறும் உறவுமுறைப் பெயர் வைத்திருக்கிறார்கள், அன்று அந்த வேடிக்கையை ரசிக்கும் மனநிலை எனக்கில்லை.)

எழுத்துருவின் மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. அதன் ஓ.எஃப்.எல். என்ற திறந்த எழுத்துரு உரிமம் வணிகச் சின்னத்தில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. எழுத்துருவை மட்டும் தனியே விற்பதைத்தான் தடுக்கிறது. அமைத்துக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்டிருந்தால் மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பேன். ரசீதில் இருப்பதோ 'பிரத்தியேக எழுத்துரு உருவாக்கம்'. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சில வளைவுகளைத் தாம் திருத்தியிருப்பதாகச் சொன்னார். திருத்தியிருந்தாலும் அந்த வடிவத்தை அதே திறந்த உரிமத்தில்தான் வழங்க வேண்டும் என்பதால், 'வேறு எவரிடமும் இராது' என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன்பின் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

ஒட்டுச்சீட்டில் நேர்ந்த நட்டம் வேறு. பாலூ தம்பி 2-இல் சாதாரணம் முதல் மிகத் தடிப்பு வரை 5 தடிமன்கள் உள்ளன. கடைப் பெயருக்கு இட்ட மிகத் தடித்த வடிவத்தையே, பொடி எழுத்தில் வரும் மூலப்பொருள் பட்டியலுக்கும் இட்டுவிட்டார். அந்த அளவில் மை பரவிச் சுழிகளின் உட்புறம் அடைபட்டதால், இரண்டு சுழி எது, மூன்று சுழி எது என்று தெரியாமல், 'கடலை எண்ணெய்' வெறும் கறுப்புப் பொட்டுகளாக நின்றது. 2,000 ஒட்டுச்சீட்டுகளும் குப்பைக்குப் போயின.

இப்படி எவரேனும் தனி எழுத்துரு தருவதாகச் சொன்னால், பணம் கொடுக்குமுன் கோப்பை வாங்கி, கணினியில் இருமுறை சொடுக்கித் திறந்து பாருங்கள்; உள்பெயர் மேலேயே தெரியும். அதையும் மாற்றியிருப்பார்களோ என்ற ஐயம் இருந்தால், இலவச எழுத்துருக்களில் உங்கள் கடைப் பெயரைத் தட்டிப் பார்த்துச் சுழிகளை ஒப்பிடுங்கள்.

பெயர்ப்பலகையை நாங்கள் மாற்றவில்லை. மூலப்பொருள் பட்டியலை மட்டும் அதே குடும்பத்தின் சாதாரணத் தடிமனில் அச்சகத் தம்பி மாற்றிக் கொடுத்தார். அதற்கு அவர் வாங்கியது 200 ரூபாய்.