மண்ணடியில் டாலர் வாங்க நம்பிப் போகலாம்

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம், சென்னை மண்ணடி லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன மணி எக்ஸ்சேஞ்சில்தான் டாலர் வாங்குகிறேன். ரிசர்வ் வங்கி லைசென்ஸ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும். பாஸ்போர்ட், பான் கார்டு கேட்பார்கள். 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கம் வாங்க மாட்டார்கள், பேங்க் மூலம்தான் கட்ட வேண்டும். சட்டம் அப்படி.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் எண்ணிக் கொடுக்கும் விதம். சிங்கப்பூர் 10 டாலர் நோட்டு பிளாஸ்டிக். புதுசாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கவுன்டரில் இருக்கும் தம்பி மெஷினில் போட்ட பிறகும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, "அம்மா, நீங்களும் ஒரு தடவை எண்ணிக்கோங்க" என்று என் பக்கம் தள்ளுவார். ஜிஎஸ்டி தனியாகப் போட்டு பில்லும் உண்டு. ரேட்டை மட்டும் விசாரித்துவிட்டு விடாதீர்கள், வரியோடு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும். உட்கார ஒரு நாற்காலி கிடையாது; முட்டிவலி உள்ளவர்களுக்குக் கஷ்டம்தான், அவசியம் போட வேண்டும்.

அப்புறம், சிங்கப்பூர்க் கடைகளில் கார்டு போடும்போது ரூபாயா, டாலரா என்று மெஷின் கேட்டால் டாலரையே அழுத்தச் சொன்னதும் இந்தத் தம்பிதான். ரூபாயை அழுத்தினால் அந்த மெஷின்காரர்கள் வைத்த ரேட்டுதான், பெரும்பாலும் கூடுதலாகவே போகும்.