மூளைக்குப் பரவிய மெர்க்கல் செல் புற்றுநோய்: கத்தியா, கதிரா?

மெர்க்கல் செல் புற்றுநோய் அரிதான ஒரு தோல் புற்றுநோய். பெரும்பாலும் வயதானவர்களுக்கு, வெயில் படும் முகத்திலோ கழுத்திலோ, வலியே இல்லாமல் சிவப்பாக அல்லது ஊதாவாக ஒரு முடிச்சு வரும், மளமளவென வளரும். 1972இல் நோயியல் மருத்துவர் சிரில் டோக்கர் இதைத் தனி நோயாக விவரித்தார். இதில் ஒரு வைரஸுக்குப் பங்கு உண்டு என்பது 2008இல்தான் தெரிந்தது. நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், எலும்பு என்று பரவும். மூளைக்குப் போவது குறைவு. போய்விட்டால் என்ன செய்வது? கத்தி வைத்து அறுவை செய்வதா, கதிர் பாய்ச்சி ரேடியேஷன் கொடுப்பதா?

முதலில் ஒரு சங்கடம். இந்த நோய் மூளைக்குப் பரவியவர்களை இரு அணியாகப் பிரித்து, அறுவையையும் ரேடியேஷனையும் மோதவிட்ட ஆய்வு எதுவும் இல்லை. அத்தனை நோயாளிகள் கிடைப்பதில்லை. அதனால் நுரையீரல், மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களிடம் கற்றதைத்தான் மருத்துவர்கள் கடன் வாங்குகிறார்கள்.

அந்தக் கடனில் முக்கியமானது 1990இல் பேட்செல் குழு வெளியிட்ட ஆய்வு. மூளையில் ஒரே ஒரு கட்டி உள்ள 48 பேர். கட்டியை எடுத்துவிட்டு மூளை முழுவதற்கும் ரேடியேஷன் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 40 வாரம். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களுக்கு 15 வாரம். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஆய்வுக்கு வந்த 54 பேரில் 6 பேருக்கு இருந்தது பரவிய கட்டியே இல்லை, வேறு ஏதோ! ஸ்கேன் பார்த்து “பரவிவிட்டது” என்று முடிவு கட்டியிருந்தால் அவர்கள் கதி? மெர்க்கல் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். நுண்ணோக்கியில் இது நுரையீரலின் சிறுசெல் புற்றுநோயைப் போலவே இருக்கும். சிகே20, டிடிஎஃப்1 போன்ற புரதங்களைத் தேடும் சாயச் சோதனைகள்தான் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். அதற்குத் திசு வேண்டும். கதிர் திசு தராது.

அதற்காகக் கதிரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மெர்க்கல் கட்டிகள் ரேடியேஷனுக்கு நன்றாகவே அடங்கும். ஸ்வீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த குறிபார்த்த கதிர் அறுவையில் (கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிரைக் குவிப்பது) மண்டையோட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. பலர் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். 2 செ.மீ. வரையிலான கட்டிக்கு ஒரே தடவையில் 24 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை கொடுக்கலாம் என்பது பழைய கணக்கு. 3 செ.மீ. தாண்டினால் அது 15க்கு இறங்கிவிடும், ஏனென்றால் சுற்றியுள்ள நல்ல மூளை தாங்காது. ஆக, சிறிய கட்டி, ஆழமான இடம், பேச்சு அல்லது கைகால் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி என்றால் நான் கதிர் பக்கம்தான்.

கதிரின் பலவீனம் நேரம். கட்டி சுருங்க வாரக்கணக்கில் ஆகும். தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் செயலிழப்பு என்று வந்தவருக்கு அழுத்தம் இன்றே குறைய வேண்டும். சிறுமூளையில் வந்த பெரிய கட்டி தண்டுவட நீரின் வழியை அடைத்துவிட்டால் காத்திருக்கவே முடியாது. அங்கே கத்திக்கு மாற்று இல்லை. ஆனால் அதே இடத்தில் கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தால், செல்கள் நீரில் கலந்து மூளை உறைகளில் படியும் ஆபத்து கூடும். முழுசாக எடுக்க முடிந்தால் நல்லது.

சரி, எடுத்தாயிற்று, அப்புறம்? அறுவை மட்டும் போதாது. அதே பேட்செல் குழுவின் 1998 ஆய்வில் அறுவையோடு நிறுத்தியவர்களில் 46 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. மூளை முழுவதற்கும் ரேடியேஷன் சேர்த்தவர்களில் 10 சதவீதம்தான். ஆனால் முழு மூளை ரேடியேஷன் ஞாபகசக்தியைத் தின்னும். கட்டி இருந்த குழிக்கு மட்டும் குறிபார்த்துக் கதிர் கொடுத்தாலும் ஆயுள் குறையவில்லை, சிந்தனைத் திறன் மிஞ்சியது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. கத்தியா, கதிரா என்ற கேள்வி பாதி இங்கேயே உடைந்துவிடுகிறது.

மூன்றாவது ஆள் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோயெதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராக ஏவும் சிகிச்சை. 2017இல் அமெரிக்காவில் அவெலுமாப், 2018இல் பெம்புரோலிசுமாப் இந்த நோய்க்கு அனுமதி பெற்றன. கீமோவில் அடங்கி உடனே திரும்பிவந்த நோய், இவற்றில் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கிறது. ஆனால் மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இந்த மருந்துகளின் கையைக் கட்டிப்போடக் கூடும். பெரிய கட்டியை வெட்டி எடுத்தால் வீக்கம் வடியும், ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்கலாம். அறுவைக்கு ஆதரவாக இந்தக் காரணத்தை ஏனோ யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பல கட்டிகள் இருந்தால் அறுவையே கிடையாது என்றும் இல்லை. ஐந்தில் ஒன்றுதான் மூளையை நெருக்குகிறது என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டு, மீதி நான்குக்கும் அந்தக் குழிக்கும் கதிர் கொடுக்கலாம்.