வயரிங் வகுப்பில் பேச்சை எழுத்தாக்கும் செயலி: பயிற்சி முடித்தவனின் அனுபவம்

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு எனக்குக் காது கேட்காமல் போனபோது ஓரளவு பெரிய பிள்ளை. அதனால் தமிழ் சரளமாக வாசிப்பேன், பேசுவேன். சைகை மொழி கொஞ்சம்தான். பிறவியிலேயே கேட்காதவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. தமிழ்மூலம் படிப்பிக்கும் செவிப்புலனற்றோர் பாடசாலை என்றால் கைதடி நவீல்ட்தான் நினைவுக்கு வரும். தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளையை அனுப்ப எத்தனை வீடுகளால் முடியும்?

ஹட்டன் பக்கம் ஒரு நிலையத்தில் மின்னிணைப்பாளர் பயிற்சி, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4. முழுக்க பேச்சை எழுத்தாக்கும் போன் செயலி ஒன்றோடுதான் ஓட்டினேன். சேர் பேசப் பேச போன் திரையில் தமிழ் ஓடும். ஆனால் போனை மேசையில் வைத்தால், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் வரி அறுந்துவிடும். சின்ன கொலர் மைக் ஒன்றை அவர் சட்டையில் குத்திய பிறகுதான் பாடம் முழுசாக வந்தது. எந்தச் செயலி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் மைக்கைப் பாருங்கள். தென்மேற்கு மழை தகரக் கூரையில் கொட்டும்போது மற்றவர்களுக்கே சேர் பேசுவது கேட்காது. அன்றைக்கு என் போனைச் சுற்றித்தான் கூட்டம்.

தொழில் சொற்களில் இது தடுமாறும். "நியூட்ரல்" என்றால் "நீ விட்டுரு" என்று எழுதும், "எர்த்" என்றால் "ஏத்து". அன்றைய சொற்களை வகுப்புக்கு முன்பே பலகை ஓரத்தில் எழுதிவைக்கச் சொன்னேன். சேர் எழுதினார், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நடுவில் அவர் சிங்களத்துக்குத் தாவினால் மொழியை நாமே மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் அவர் தமிழுக்குத் திரும்பியிருப்பார். சிக்னல் போனால் எழுத்தும் நின்றுவிடும். சேமித்த வரிகள் சில நாளில் அழிந்துவிடும், ராத்திரியே கொப்பியில் எழுதிவைப்பது நல்லது.

பட்டறையில் மட்டும் இதை நம்பாதீர்கள். "மெயினை ஓஃப் பண்ணாம தொடாதே" என்று சேர் சொன்னது திரையில் "மெயின ஓஃப் பண்ணாம தொட" என்று நின்றது. 230 வோல்ட்டில் ஒரு "ஆதே" விழுந்துபோனால் என்ன ஆகும்? 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதான். ஆனால் லைனையும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலையும் (அது திரும்பிப் போகும் கம்பி) சேர்த்துப் பிடித்தவனை அது காப்பாற்றாது. கிரைண்டர் ஓடினால் காது மெசினிலும் வெறும் இரைச்சல்தான்.

அங்கே உதவியது ஒரு பூட்டு. மெயினை ஓஃப் செய்து பூட்டி, சாவியை நான் என் பொக்கெட்டில் போட்டுக்கொள்வேன். நான் கொடுக்காமல் யாரும் கரண்ட் விட முடியாது. சப்ளை வந்தால் எரிகிற சிவப்பு பல்ப் ஒன்றையும் போர்டுக்கு மேலே மாட்டினோம். பல்ப் பியூஸ் ஆகலாம், அதனால் எப்படியும் டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். சேர் முஷ்டியை உயர்த்தினால் எல்லாரும் கையை எடுக்க வேண்டும். இது காது கேட்கிற பையன்களுக்கும் பழகிப்போனது.

மதிப்பீட்டில்தான் மல்லுக்கட்டு. செய்முறையைப் பார்த்துக்கொண்டே வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "அப்படி வழக்கமில்லை" என்றார்கள். இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. சரி, சேர்த்தாயிற்று. அப்புறம்? அதைக் கேட்டுக் கடிதம் எழுதினேன், சேரும் கூடவே ஒன்று எழுதினார். அடுத்த முறை கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். மொத்தமே அரைப் பக்கம்.