வரலட்சுமி நோன்பு ரெடிமேட் செட், வாங்கலாமா?

ஆன்லைனில் வாங்கிய செட் இது. அம்மன் முகம், கலசம் வைக்கச் சின்னப் பித்தளைச் சொம்பு, பாவாடை, காதோலை கருகமணி, நோன்புச் சரடு, கதைப் புத்தகம் எல்லாம் ஒரே டப்பாவில் வந்துவிடுகின்றன. முகம் லட்சணமாகத்தான் இருக்கிறது, மூக்குத்தி வேலைப்பாடுகூட சுத்தம், ஆனால் பின்பக்கக் கம்பி குட்டை என்பதால் மாவிலைக்கும் தேங்காய்க்கும் நடுவே செருகினால் முன்னால் சாய்கிறது, நூல் போட்டுக் கட்டித்தான் நிறுத்தினோம்.

பெரிய ஏமாற்றம் சரடு. ஒன்பது இழை, ஒன்பது முடிச்சு, பூஜை முடிந்ததும் வலது கையில் கட்டிக்கொள்வது, இந்த நோன்பில் முக்கியமே அதுதான். வந்ததோ முடிச்சே இல்லாத வெறும் மஞ்சள் கயிறு! அப்புறம் அந்தச் சொம்பு. பச்சரிசி, எலுமிச்சம்பழம், காசு, வெற்றிலை பாக்கு எல்லாம் போட இடமில்லை; மறுநாள் புனர்பூஜை (நிறைவுப் பூஜை) முடிந்து கலசத்து அரிசியில் பாயசம் வைக்கும் வீடுகளுக்கு இது நிச்சயம் போதாது. பிளாஸ்டிக் தாழம்பூவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புத்தகம் அருமை. சாருமதி என்ற பக்தையின் கனவில் லட்சுமி வந்து, பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியில் பூஜை செய்யச் சொல்லும் கதை பெரிய எழுத்தில் இருக்கிறது, பாட்டிகளே கண்ணாடி தேடாமல் படிக்கலாம்.

வீட்டில் பெரிய சொம்பு இருந்தால் முகத்தையும் புத்தகத்தையும் மட்டும் தனியாக வாங்குங்கள். சரடை வீட்டிலேயே திரித்து மஞ்சள் தடவிக்கொள்ளலாம், பத்து நிமிஷ வேலை.