சியாங் மாயில் மிஷன் இன்டர்ன்ஷிப்: விடுதி அறையா, சபைக் குடும்பத்தின் வீடா?

தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய்க்கு ஊழியப் பயிற்சிக்காக மிஷன் இன்டர்னாகப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது தங்கும் இடம். நகரத்துக்குள் ஒரு மிஷன் விடுதி, இல்லையென்றால் உள்ளூர்ச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வீடு. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் அமையும். நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். ஆரம்பத்தில் விடுதி, அப்புறம் நகரத்துக்கு வெளியே சாராபி பக்கம் ஒரு சபைக் குடும்பம். சில மாதங்கள் தங்கப் போகிற யார் கேட்டாலும் வீட்டைத்தான் சொல்வேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விடுதியில் தனி அறை, ஏசி, நல்ல வைஃபை. வீட்டில் மின்விசிறி, எல்லோருக்கும் ஒரே குளியலறை. செலவு வீட்டில் குறைவு. சாப்பாட்டில் நமக்குப் பெரிய சிரமமில்லை. வடக்கில் ஒட்டும் சோற்றைக் கையால் உருட்டி, மிளகாய்த் துவையலில் தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். பன்றி இறைச்சி ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போய்வருவதற்கு விடுதிதான் சௌகரியம். மெக்கார்மிக் மருத்துவமனை, பிரின்ஸ் ராயல்ஸ் கல்லூரி போன்ற பழைய மிஷன் நிறுவனங்கள் பிங் ஆற்றின் கிழக்குக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம் சி.எஸ்.ஐ. உறுப்புச் சபையாக இருக்கும் கிறிஸ்டியன் கான்பரன்ஸ் ஆஃப் ஏசியாவின் தலைமையகமும் இந்த ஊரில்தான்.

ஆனால் இவை எதுவும் முடிவை மாற்றக்கூடியவை அல்ல. முடிவை மாற்றுவது மொழி.

தாய்லாந்து மொழியின் எழுத்து நம்மைப் பயமுறுத்த வேண்டியதில்லை. மெய்யெழுத்துகள் 44 என்றாலும், கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது அது. க, ச, த, ப என்று போகும் வரிசை நமக்குப் பழகியது. நம் ஏகாரத்தில் கொம்பு முன்னால் வருவதுபோல அங்கேயும் சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கும். ஆகவே எழுத்தை விடுதி அறையில் தனியாக உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, அப்படிக் கற்க முடியாது. ஐந்து தொனிகள் இருக்கின்றன. தொனி பிசகினால் சொல்லே வேறாகிவிடும். அதற்கு ஒருவர் கேட்க வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி கேட்க வேண்டும்.

அந்தத் திருத்தம் சபையில் கிடைக்காது. பெரியவர்கள் விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று, என்ன சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டுவார்கள். விடுதியில் இன்னும் மோசம்: சாப்பாட்டு மேசையில் கொரியாவிலிருந்து, பிலிப்பைன்ஸிலிருந்து, அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள், எல்லோருக்கும் பொது மொழி ஆங்கிலம். பகலில் வகுப்பில் படித்தது ராத்திரிக்குள் கரைந்துவிடும். வீட்டில் அப்படி இல்லை. நான் இருந்த வீட்டின் சிறுவன் நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் சரியாகச் சொல்லும்வரை விடமாட்டான். குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்கும்போது என் முறையும் வரும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதும் மொழி அது. எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதைப் பாட்டி விரலை வைத்துக் காட்டுவார். எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு பொறுமையான ஆசிரியர் கிடைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வகுப்பில் சொல்லித் தருவது பாங்காக் பக்கத்து மொழி. வடக்கத்தி வீடுகளில் தங்களுக்குள் பேசுவது காம் முவாங் என்ற வட்டார மொழி. சமையலறைப் பேச்சு முழுவதும் பிடிபடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் பேசும்போது பாங்காக் மொழிக்கு மாறிக்கொள்வார்கள், அது போதுமானதாக இருந்தது.

மொழி வந்தால்தான் ஊழியத்தின் நிலைமை புரியும். நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். சபைக் குடும்பம் என்றாலும் சித்தப்பா வீடு, மாமா வீடு எல்லாம் பௌத்தமாகவே இருக்கலாம். உறவுக்காரர் சாவுக்குப் போனால் எங்கே உட்கார்வது, எதில் கலந்துகொள்வது, எதில் கைகட்டி நிற்பது என்பதை அவர்கள் ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செய்கிறார்கள். இதை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் பார்க்க முடியாது. 1867இல் வந்த அமெரிக்க மிஷனரி டேனியல் மெக்கில்வரியின் குடும்பமே முதலில் நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே ஒரு திறந்த சத்திரத்தில்தான் தங்கியது. ஊரார் வந்து வந்து பார்த்துப் பேசிப் பழகினார்கள். மதில் வைத்த மிஷன் வளாகங்கள் அதற்கப்புறம் வந்தவை.

சரி, விடுதி எப்போது மேல்? முதலாவது, காகித வேலை. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். நீண்ட நாள் தங்குகிறவர் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பும் கொடுக்க வேண்டும். விடுதிக்கு இது அன்றாட வேலை. குடும்பத்துக்குப் புதிது, ஆகவே அழைத்த அமைப்பிலிருந்து ஒருவர் கூடப் போய் முடித்துத் தர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்வது சட்டப்படி கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, புகை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரிந்து, மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் புகை தேங்கி நிற்கும். பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும் மர வீட்டில் அதைத் தடுக்க வழியில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் காற்று சுத்திகரிப்பான் வைத்த விடுதி அறையில்தான் இருக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு மட்டும் வருகிறவருக்கும் விடுதியே சரி. வீட்டாரோடு பழகுவதற்குள் அவர் கிளம்பிவிடுவார்.

கரேன், லாஹு பழங்குடிகளின் சபைகள் இருக்கும் மலைக் கிராமங்களில் நான் தங்கி வேலை செய்ததில்லை, ஓரிரு ராத்திரி விருந்தாளியாக இருந்ததோடு சரி. அங்கே இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். தனியாகப் போகும் பெண்களும் என் சொல்லோடு நிற்காமல், அங்கே இருந்து வந்த ஒரு பெண்ணிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு என்று முடிவு செய்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடாகக் கேளுங்கள். மே நடுவில் பள்ளிகள் திறக்கும். மழை தொடங்கிப் புகையும் அடங்கியிருக்கும், போய் இறங்க நல்ல சமயம். மாதம் எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் சபை மூலமாக முன்பே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுக்காரர் வாய் திறந்து கேட்கவே மாட்டார்.