அமிகா 500க்கு ஃபிளிக்கர் ஃபிக்ஸர்: கடலோர வீட்டில் எது தாங்குகிறது?

கமடோரின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரான அமிகா 500இன் படத் துடிப்பை அடக்குவதுதான் ஃபிளிக்கர் ஃபிக்ஸர். கார்டு வாங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு பாதிப் படத்தையும் மெமரியில் வைத்துச் சேர்த்துக் காட்டுமா, இல்லை கோடுகளை இரட்டிக்க மட்டும் செய்யுமா? ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகளை இரண்டு பாதிப் படமாக மாற்றி மாற்றி வரைவதுதான் இன்டர்லேஸ். 640×512 இன்டர்லேஸில் ஒவ்வொரு கோடும் நொடிக்கு 25 தடவைதான் வரையப்படும். அதனால்தான் மெல்லிய கிடைக்கோடு துடிக்கிறது. கோடுகளை இரட்டிக்க மட்டும் செய்யும் வெறும் ஸ்கேன் டப்ளர், கோடு வரையும் வேகத்தை 15.6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 31 ஆக்கும். விஜிஏ மானிட்டரில் படம் வரும், துடிப்பும் கூடவே வரும். ஓஎஸ்எஸ்சி என்ற வெளிப் பெட்டியும் முழுப்படத்தைச் சேமிப்பதில்லை. கேமுக்கு அருமை, எழுத்து வேலைக்கு வேண்டாம்.

ஜிபிஎஸ் கண்ட்ரோல் என்ற மென்பொருள் போட்ட ஜிபிஎஸ் 8200 மாற்றி போர்டு, கம்ப்யூட்டருக்கு வெளியே நிற்பது. 5 வோல்ட் அடாப்டர் போதும், துடிப்பும் நன்றாக அடங்கும். ஆனால் அனலாக் சிக்னலை எடுப்பதால் எழுத்தின் ஓரம் சற்று மங்கும். அமிகாவின் மானிட்டர் வழியில் செருகும் 23 பின் கனெக்டர் கிடைக்காவிட்டால் 25 பின்னின் ஓரத்தை அறுத்துப் போடலாம்.

எங்கள் தேர்வு, அமிகாவில் படத்தை வெளியிடும் டெனிஸ் சிப்பின் சாக்கெட்டில் உட்காரும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ கார்டு. டெனிஸைக் கழற்றி இந்தக் கார்டின் மேல் செருக வேண்டும். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பொருத்திய இந்தக் கார்டு 12 பிட் வண்ணத்தையும் டிஜிட்டலாகவே எடுப்பதால் படம் கத்தி மாதிரி வரும். இரண்டு பாதியையும் பின்னிக் காட்டும் வீவ் முறையில் வைத்தால் துடிப்பு சுத்தமாக நிற்கும். இன்டர்லேஸில் எதையாவது வேகமாக நகர்த்தினால் மட்டும் ஓரத்தில் பல் பல்லாகத் தெரியும்.

இராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு எதிரி சாக்கெட்தான். பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கும் காற்று, 48 பின் சாக்கெட்டின் மெல்லிய தகட்டையா விடும்? கார்டின் அடியில் உருண்டையான மெல்லிய பின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சதுரப் பின் தகட்டை விரித்துவிடும். பிறகு பழைய சிப்பைத் திரும்பப் போட்டாலும் பிடிக்காது.

அமிகாவின் முகப்புத் திரையான சாம்பல் நிற வொர்க்பெஞ்ச் திடீரென நீலப்பச்சையாகத் தெரிந்தால், சிவப்பின் மேல் பிட் எங்கோ விடுபட்டிருக்கலாம். பழைய 23 பின் ஆர்ஜிபி வழியிலும் ஒரு மானிட்டரைச் செருகிப் பாருங்கள். இரண்டிலும் சாயம் மாறியிருந்தால் டெனிஸுக்கும் கார்டுக்கும் நடுவே கோளாறு. எச்டிஎம்ஐ சரியாக இருந்து ஆர்ஜிபியில் மட்டும் மாறினால், கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே. கரண்டைத் துண்டித்து, சிப்பை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். திரும்பப் போடும்போது சிப்பின் முனையிலுள்ள பள்ளம் முன்பு இருந்த பக்கமே வர வேண்டும். கச்சான் காற்று தொடங்கும் முன் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது.

கார்டிலிருந்து வெளிவருவது நொடிக்கு 50 படம், அதாவது 50 ஹெர்ட்ஸ். ஆபீஸ் மானிட்டர்கள் பல 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று கைவிரிக்கும். நம்மூரில் விற்கும் எல்இடி டிவி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், முதலில் அதில் போட்டுப் பாருங்கள்.