டேபிள் டாப் கிரைண்டர்: அரைப்பது சரி, கழுவுவது யார்?

கோயம்புத்தூர்த் தயாரிப்பு, 2 லிட்டர், மூன்று குழவி, 150 வாட் மோட்டார், பிளாஸ்டிக் மூடி, கூடவே ஒரு தேங்காய்த் துருவியும் சப்பாத்தி மாவு பிசையும் கம்பியும். 5,400 ரூபாய் ஆச்சு. கம்பெனி பேர் எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகளில் பாதி இந்த சைஸில் வரும் எல்லா கிரைண்டருக்கும் பொருந்தும், மீதிப் பாதி எங்கள் வீட்டு ஆட்களுடையது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உளுந்து அரைப்பதில் இதைக் குறை சொல்லவே முடியாது. மிக்ஸியில் இட்லி மாவு அரைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பிளேடு வெட்டு வெட்டென்று வெட்டி, ஜார் சூடேறி, உளுந்து நைசாகத்தான் இருக்கும் ஆனால் பொங்கியிருக்காது. இங்கே கல் நிதானமாக நசுக்குகிறது, உளுந்தின் பசை காற்றைப் பிடித்துக்கொள்கிறது, ஒரு தம்ளர் உளுந்து அரை மணி நேரத்தில் பாதி டிரம்முக்கு வந்து நிற்கிறது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறது. உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதே, ஃப்ரிட்ஜ் தண்ணியைத் தெளித்துத் தெளித்து அரை என்று அத்தை சொன்னதும் இதற்கு ஒரு காரணம். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம். 150 வாட் மோட்டார் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினாலும் கால் யூனிட் கூட ஆகாது. ஆனாலும் எங்கள் வீட்டில் இது ஓடும்போதெல்லாம் ஹால் ஃபேனை யாராவது நிறுத்திவிட்டுப் போகிறார்கள், ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

2 லிட்டர் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அது அரிசிக் கணக்கு இல்லை, மாவுக் கணக்கு. நாலுக்கு ஒன்று என்று நாலு தம்ளர் இட்லி அரிசி போட்டால் மாவு விளிம்பைத் தட்டும், மூடியைத் திறந்து கரண்டியால் தள்ளிவிட்டுக்கொண்டே நிற்க வேண்டும். அரிசியை மொத்தமாகக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் கல் நின்று பெல்ட் வழுக்கும். டிரம்மைச் சுற்றவிட்டு, கை கையாக அள்ளிப் போட வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு, அதிலும் வளர்கிற பையன் ஒருத்தன் இருந்தால், ஒரு தடவை அரைத்த மாவு மூன்று நாளைக்கு மேல் வராது. அப்படியென்றால் வாரம் இரண்டு தடவை அரைக்க வேண்டும், வாரம் இரண்டு தடவை கழுவ வேண்டும்.

எங்கள் வீட்டுப் பிரச்சினையே இந்தக் கழுவுவதில்தான். ஆட்டுக்கல்லில் உரல் அப்படியே இருக்கும், குழவிதான் சுற்றும், ஒரு சொம்புத் தண்ணி ஊற்றி வழித்துவிட்டால் வேலை முடிந்தது. 1955 வாக்கில் கோவையில் சபாபதி என்பவர் மோட்டார் வைத்து கிரைண்டர் செய்ததிலிருந்து குழவி நிற்க, கீழே இருக்கும் கல் சுற்றுகிறது. தோள் பிழைத்தது, உண்மை. ஆனால் குழவியைப் பிடித்து நிறுத்த ஒரு தாங்கி, தாங்கிக்கு ஒரு ஸ்பிரிங் பூட்டு, மாவை வழித்துவிட ஒரு நைலான் பட்டை, அதற்கு இரண்டு திருகு என்று இடுக்குகள் பெருகிவிட்டன. குழவி அச்சில் மாட்டியிருக்கும் இடத்தில் வளையம் மாதிரி உளுந்து ஒட்டிக்கொள்கிறது, தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் போகாது, பழைய பல் துலக்கும் பிரஷ் வேண்டும். குழவியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளேயிருந்து இரண்டு அரிசி எட்டிப் பார்க்கும், இன்னொரு சுற்றுக்கு இன்னும் இரண்டு. நைலான் பட்டைக்குப் பின்பக்கம் விட்டுப்போனால் மறுநாள் காய்ந்து, அதற்கு மறுநாள் கறுத்து, சமையலறைக்குள் நுழையும்போதே புளித்த வாடை மூக்கில் ஏறும். டிரம்மின் எடையோ கேட்கவே வேண்டாம், அடியில் கல் பதித்திருக்கிறார்கள், ஈரக் கையோடு சிங்க் வரைக்கும் தூக்கிப் போகும்போது வயிறு கலங்குகிறது.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தே இருபது வருஷம் போல ஆகிறது. இத்தனை வருஷத்தில் மூடிக்கு எத்தனை கலர், முன்னால் எத்தனை பூப்படம், டைமர் வேறு. அந்த அச்சைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி செய்ய ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? கடையில் இதை வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் காரணம் புரியும். முக்கால்வாசி ஆண்கள். மோட்டார் எவ்வளவு வாட், வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்பார்கள், யாரும் குழவியைக் கழற்றிக் காட்டச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார், அப்புறம் தேங்காய்த் துருவி ஃப்ரீ என்றதும் முடிவே பண்ணிவிட்டார். அந்தத் துருவியில் அவர் ஒரே ஒரு மூடி துருவினார், சுவரில் இருந்த தேங்காய்ப்பூவை நான் துடைத்தேன். அது இப்போது பிசையும் கம்பியோடு லாஃப்ட்டில் இருக்கிறது.

சத்தம் பரவாயில்லை ரகம். ஆனால் எங்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது, சீரியல் ஓடும்போது அரைத்தால் அத்தைக்குக் கோபம், மகள் படிக்கும்போது அரைத்தால் அவளுக்குக் கோபம், காலையில் அரைத்தால் மாவு ராத்திரிக்குள் புளித்து வழிகிறது என்று எனக்குக் கோபம். சென்னை மே மாதத்தில் மாவு பொங்க ஐந்தாறு மணி நேரமே அதிகம். இன்னொரு வேடிக்கை, கிரைண்டர் ஓடும்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் சும்மா போவதில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்து "இன்னும் கொஞ்சம் தண்ணி விடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பையனும் சொல்கிறான். அவனுக்கு உளுந்துக்கும் பயத்தம்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. உப்புப் போட்டுக் கரைக்க மட்டும் அத்தை கைதான் வேண்டுமாம், அந்தக் கை பட்டால்தான் பொங்குமாம். புளிக்க வைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடேயே வருவது என்று மகள் பாடப்புத்தகத்தைக் காட்டினாள். "அப்ப நீயே கரை" என்று அத்தை எழுந்து போய்விட்டார், அன்றைக்குப் பார்த்து மாவு சுமாராகத்தான் பொங்கியது. பாக்டீரியா பேச்சே அதற்கப்புறம் எடுப்பதில்லை.

தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், தோசைக்கு அது போதும், இட்லிக்குப் போதாது. நான் பாக்கெட்டுக்கு எதிரி இல்லை, கழுவ ஆள் இல்லாத வாரங்களில் அதுதான்.

வாரண்டி விஷயம். மோட்டாருக்கு 5 வருஷம், மற்றதுக்கு 2 வருஷம் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறது. முதலில் தேய்கிற பெல்ட்டும் நைலான் பட்டையும் அதில் சேராது, அது பொடி எழுத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பெல்ட் தளர்ந்து கீச்சென்று கத்தியபோது, போன் செய்து பத்து நாள் கழித்து ஆள் வந்தார், வந்தவர் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். டிரம்மை வெளியே எடுக்காமல் அப்படியே தண்ணி ஊற்றிக் கழுவாதீர்கள், பெல்ட்டில் தண்ணி இறங்குகிறது என்றார். ஊற்றியது யார் என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் அம்மா வீட்டில் 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த இலவச கிரைண்டர்தான் இன்னமும் ஓடுகிறது. பெயின்ட் உரிந்திருக்கிறது, மூடி உடைந்து எவர்சில்வர் தட்டு மூடியாக இருக்கிறது, இடுக்கில் மாவு மட்டும் இருக்காது. அங்கே அரைப்பது அம்மா, கழுவுவது அப்பா. ரிட்டயர் ஆனதிலிருந்து அவர்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஒரு மார்க் அந்தக் குழவி அச்சுக்காகக் குறைத்தது, அரை மார்க் ஒயர் நீளத்துக்கு. இவ்வளவு கனமான சாமானுக்கு இத்தனை குட்டை ஒயர் வைத்தால், சிங்க் பக்கத்தில் மேடை காலியாக இருந்தும் ஃப்ரிட்ஜ் பக்கத்து பிளக்கில்தான் மாட்ட வேண்டியிருக்கிறது.